முகட்டுக்கு அந்தப் பக்கம்

கரசுதானி மலைக்கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஃபுசாயேக்கு இருபத்து நான்கு வயது. கடலோர ஊர்க்காரி. அங்கே பனி பெய்தால் கணுக்கால் அளவுதான். மறுநாள் வெயிலில் போய்விடும். இங்கே முதல் குளிர்காலத்தில், ஜனவரி முடிவதற்குள் கீழ்த்தளத்து ஜன்னல்களெல்லாம் பனிக்குள் போய்விட்டன. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கூரைமேல் தடதடவென்று சத்தம் கேட்டு வெளியே ஓடினாள். புருஷன் டொகுஜி மேலே நின்று பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். கயிறு என்று ஒன்று இல்லை.

"விழுந்துட்டா என்ன பண்றது?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"கீழயும் பனிதானே இருக்கு. மெத்தையில விழற மாதிரி."

முப்பத்தெட்டு வருஷம் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. நடுவில் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்து வந்தார். ஃபுசாயேக்குச் சிரிப்பு வரவில்லை. நகரத்துப் பின்னலாடை ஆலையில் அவளுக்கு வேலை, பின்னி முடித்த ஸ்வெட்டரில் விட்டுப்போன ஒரே ஒரு கண்ணியைத் தேடிப் பிடிப்பது. கண் அப்படியே பழகிவிட்டது. எந்த ஏணியைப் பார்த்தாலும் அது எங்கே வழுக்கும் என்பதுதான் முதலில் தெரியும்.

ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், நகரசபை வீடு வீடாகக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை வரி விடாமல் படித்தாள். தங்கள் கூரை முகட்டில் இரண்டு இரும்பு வளையங்களைப் பொருத்தச் செய்தாள். இடுப்பிலும் தோளிலும் மாட்டும் வார், தலைக்கவசம், தடித்த கயிறு எல்லாம் வாங்கி வாசலிலேயே தொங்கவிட்டாள். டொகுஜி பார்த்துவிட்டு, "என்னைக் கொட்டில் மாடா ஆக்கப் பாக்கறே," என்றார். கட்டிக்கொள்ளாவிட்டால் ஏணியை எடுத்துப் போய்விடுவாள் என்பதால் கட்டிக்கொண்டார். அவர் மேலே இருக்கும் நேரமெல்லாம் அவள் கீழே தள்ளி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் அவளுக்குக் கயிற்றுக்காரி என்று பெயர் வந்தது.

சொந்தக் கூரை மட்டும் என்றால் கதை இத்தோடு முடிந்திருக்கும். மேற்குப் பக்கம் ஒட்டினாற்போல் செகிகாவா வீடு இருந்தது. இருந்தது என்றால், சும்மா இருந்தது. அந்த வீட்டு அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய், அங்கேயே காலமாகி, ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. ஒரே மகன் நொரிஹிகோ தோக்கியோவுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருந்தான். ஐம்பது வயதைத் தாண்டியவன், கணினி நிறுவனத்தில் மேலாளர். கோடையில் ஒரு தடவை வந்து கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போவான். குளிர்காலத்தில் தொலைபேசியில் வருவான்.

அவன் கேட்கும் விதம் ஃபுசாயேக்கு மனப்பாடம்.

"அக்கா, டிவியில பார்த்தேன். அங்க ரொம்பப் பெய்யுதாமே. எங்க கூரை தாங்குமான்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன். நேத்து சரியாத் தூக்கமே இல்லை."

செய்து கொடுங்கள் என்று ஒரு வார்த்தை வராது. தூங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வான். ரிசீவரை அவள் டொகுஜியிடம் கொடுத்தால், "அட, அதுக்கென்ன தம்பி, நான் பாத்துக்கறேன்," என்று இவரே சொல்லிவிடுவார். வசந்தம் வந்ததும் ஒரு பெட்டி அரிசி முறுக்கு தபாலில் வரும்.

அந்தக் கூரையில் வளையம் கிடையாது. வீட்டுக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் நகரசபை ஆள் வந்து பொருத்திவிடுவார். ஃபுசாயே அந்தப் படிவத்தை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, இரண்டு வருஷம் இரண்டு தடவை அவனுக்கு அனுப்பினாள். பதில் இல்லை. மூன்றாவது வருஷம் தொலைபேசியில் கேட்டபோது, "அடுத்த வசந்தத்துல இடிச்சுடலாம்னு இருக்கோம் அக்கா. எதுக்கு வீணா," என்றான். பிறகு மூன்று வசந்தம் வந்து போனது.

போன வருஷம் பிப்ரவரியில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் திடீரென்று வெயிலடித்தது. காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நொரிஹிகோ கூப்பிட்டான். தூக்கம் வரவில்லை என்றான். டொகுஜி ரிசீவரை வைத்துவிட்டு, மிசோ சூப்பைக் குடித்து முடித்து, பூட்ஸைத் தேட ஆரம்பித்தார்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றாள் ஃபுசாயே. "வெயில் அடிக்குது. மேல இருக்கறது மொத்தமா வழுக்கிட்டு வரும். நாளைக்குக் காலையில, இறுகினதுக்கப்புறம் ஏறுங்க."

"நாளைக்கு மறுபடி பெய்யும்னு சொல்றான் ரேடியோவுல. அந்த வீட்டுத் தூணெல்லாம் இத்துப் போச்சு. சாஞ்சா நம்ம அடுப்படி மேலதான் சாயும்."

"கயிறு கட்ட இடமில்லாத கூரையில ஏறக் கூடாது. எத்தனை தடவை சொல்றது?"

"நீ வந்து கீழ நில்லு. அது போதும்."

"இன்னிக்கு எனக்குக் கண் ஆஸ்பத்திரி. தெரியுமில்ல? அப்படி இல்லேன்னாலும் வரமாட்டேன். அவன் தூங்கறதுக்காக நான் ஏன் ஏணியப் பிடிக்கணும்? போறதுன்னா தனியாப் போங்க."

டொகுஜி சிரித்தார். கோபம் வந்தாலும் சிரிக்கிற மனுஷர்; அதனால் அவருக்குக் கோபம் வந்ததா இல்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டார். வழியில், தள்ளிய பனியை அடித்துப் போகும் வாய்க்காலில் இன்று எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு இரண்டே முக்கால் பஸ்ஸில் இறங்கியபோது அவளுக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. வெளிச்சம் கூசியது. செகிகாவா வீட்டுச் சுவரில் தங்கள் ஏணி சாய்த்திருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. வீட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் போனாள். கூரையின் அந்தச் சரிவில் பனியே இல்லை, தகரம் மட்டும் பளபளவென்று நனைந்து கிடந்தது. கீழே ஆளுயரத்துக்கும் மேல் ஒரு குவியல். அதன் ஓரத்தில் பனி வாரியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுத் தாமியேயின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தாமியே வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடிவந்தாள். ஊர்த் தலைவர் இகராஷி வந்தார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். வழுக்கி வந்த பனி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. நாற்பது நிமிஷம் தோண்டினார்கள். டொகுஜி குப்புறக் கிடந்தார். தலைக்கவசம் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ஃபுசாயேக்கு முதலில் அழுகை வந்தது, தன் பேச்சில் பாதியை அவர் கேட்டிருக்கிறார் என்று.

சாவுக்கு நொரிஹிகோ கறுப்புக் கோட்டும் சூட்டுமாய் வந்தான். ஊதுபத்தி ஏற்றி, தரையில் நெற்றி படக் கும்பிட்டான். எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அண்ணன் எவ்வளவு நல்ல மனசுக்காரர். நான் கேக்கவே இல்லை. அவராவே செஞ்சுருக்கார்."

ஃபுசாயே வாயைத் திறந்தாள். அதற்குள் இகராஷி அவள் பக்கம் குனிந்து, "இப்ப வேண்டாம்மா," என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் எலும்பு பொறுக்கித் திரும்பிய பிறகு வீட்டுக்கு வந்து விளக்கம் சொன்னார். "அவன் சொன்னது பொய்யும் இல்லையே. அவனை நாம பகைச்சுக்கிட்டா, இந்தப் பக்கம் தலைவச்சே படுக்கமாட்டான். இன்னும் மூணு வீடு ஊர்ல காலியாக் கிடக்கு. அந்த வீட்டுக்காரங்களும் காதுல வாங்குவாங்க. அப்புறம் எல்லா வீடும் நம்ம தலைமேல விழுந்தாலும் கேக்க ஆளிருக்காது."

"அவர் தலைமேல விழுந்தாச்சே தலைவரே," என்றாள் ஃபுசாயே. இகராஷி தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

நொரிஹிகோவை வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. காலையில் எழுந்ததும் அந்த வீட்டைப் பார்ப்பாள், வெறுப்பாள், பிறகு அரிசி களைவாள். வசந்தமும் கோடையும் அப்படியே போயின. கயிறு கட்ட இடமில்லாத கூரை, கையெழுத்துப் போடாதவன், ஏறிச் செத்தவர். கணக்கு நேராக இருந்தது.

நவம்பரில் அது கெட்டது. போன குளிர்காலத்துச் சாவை ஒட்டி, தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து ஊர்ப் பொதுக்கூடத்தில் வகுப்பு நடத்தினார். பதினாலு பேர் வந்திருந்தார்கள். ஃபுசாயே முதல் வரிசையில் உட்கார்ந்தாள். வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், வெளியூர்க்காரர், அவள் யாரென்று தெரியாது. உற்சாகமாகப் பேசினார்.

"போன வருஷம் இங்க நடந்ததையே எடுத்துக்குவோம். என்னென்ன தப்பு? ஒண்ணு, தனியாப் போனார். ரெண்டு, பனி பெஞ்சு முடிஞ்ச மறுநாள், வெயில் அடிக்கற மத்தியானத்துல ஏறினார். மூணு, ஏணியை மேல கட்டலை. நாலு, பனியைத் தகரம் தெரியற வரைக்கும் வழிச்சுட்டார். ஒரு சாண் விட்டிருந்தா காலுக்குப் பிடி இருக்கும். அஞ்சு, கயிறு இல்லை."

பின்னால் யாரோ இருமினார்கள். தாமியே தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபுசாயே கையைத் தூக்கினாள்.

"கூரையில வளையம் இல்லேன்னா கயிற்றை எங்க கட்டறது?"

"நல்ல கேள்விங்க. வளையம் இருந்தா சௌகரியம், இல்லேன்னா முடியாதுன்னு இல்லை. நீங்க மேற்குச் சரிவுல வேலை செய்யறீங்கன்னு வைங்க. கயிற்றை முகட்டுக்கு மேல போட்டு, அந்தப் பக்கம் கிழக்கால இறக்கிடுங்க. அங்க ஒரு மரமோ, உறுதியான தூணோ இருந்தா அதுல கட்டிடலாம். பக்கத்து வீட்டுத் தூணாக்கூட இருக்கலாம். கயிறு கூரை விளிம்புக்கு முன்னாடியே நிக்கிற அளவுக்குத்தான் விடணும், அவ்வளவுதான். ஒருத்தர் கட்டின இடத்துல நின்னு பார்த்துக்கணும்."

வகுப்பு முடிந்து ஃபுசாயே நேராக வீட்டுக்கு நடந்தாள். வீட்டின் மேற்கு ஓரத்தில், செகிகாவா வீட்டுச் சுவரிலிருந்து ஏழெட்டு அடியில், அவள் வீட்டு வண்டிக் கொட்டகை. அதன் மூலையில் சிமென்ட் அடி போட்ட இரும்புத் தூண். முப்பது வருஷமாகத் துணி காயப்போடும் கொடியை அதில்தான் கட்டியிருந்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. மறுபடி உலுக்கினாள்.

கயிறு கட்ட இடம் இருந்திருக்கிறது. இடமில்லை என்று வருஷக்கணக்காகச் சொன்னவள் அவள்தான். அவர் கேட்டது ஒரு ஆள் வந்து நிற்பதை. வரமாட்டேன் என்றவளும் அவள்தான். விட்டுப்போன கண்ணியைத் தேடிப் பிடிப்பதில் ஆலையிலேயே பேர் வாங்கியவள். அன்று அவள் சமைக்கவில்லை.

ஜனவரி கடைசியில் தொலைபேசி அடித்தது.

"அக்கா, உடம்பு நல்லா இருக்கா? அங்க பனி எப்படி?"

"உங்க கூரையில ஆறடி நிக்குது."

"அடடா. மனசே சரியில்லை அக்கா. அங்க யாராவது ஆள் இருக்காங்களான்னு..."

"ஒருத்தர் இருக்கார்."

"அப்படியா. யாரு?"

"நீங்கதான். சனிக்கிழமை காலையில வாங்க. ஏழு மணிக்கெல்லாம் ஏறணும், வெயிலுக்கு முன்னாடி. வரலேன்னா நான் நகரசபைக்குப் போய், அன்னிக்கு எத்தனை மணிக்கு நீங்க போன் பண்ணீங்கன்னு எழுதிக் கொடுத்துடுவேன்."

அந்தப் பக்கம் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வர்றேன்," என்றான்.

வெள்ளிக்கிழமையே நகரத்தில் வந்து தங்கி, சனிக்கிழமை ஆறரைக்கு வந்து நின்றான். கிழித்த விலை அட்டையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த புதுப் பூட்ஸ். ஃபுசாயே டொகுஜியின் வாரை அவனுக்கு மாட்டி, ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்த்தாள். தலைக்கவசத்தின் பட்டியைத் தாடைக்கடியில் இறுக்கினாள். கயிற்றுத் தலைப்பில் ஒரு கட்டையைக் கட்டி வீசி, முகட்டைத் தாண்டவைத்து, அந்த முனையை அவன் வாரில் மாட்டி, மறுமுனையைக் கொட்டகைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். ஏணியின் தலையைக் கூரை விளிம்போடு கட்டினாள். தாமியேயை மேற்குப் பக்கம், பனி விழும் இடத்துக்கு எட்டி நிற்கச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு உயரம்னா கொஞ்சம்..." என்றான் நொரிஹிகோ.

"மேல போய் மேலயே பாருங்க. கீழ பாக்காதீங்க. பனியைச் சின்னச் சின்னதா வெட்டுங்க. தகரம் தெரிய வழிக்காதீங்க, ஒரு சாண் கிடக்கட்டும். மூச்சு வாங்கினா உட்காருங்க."

தாமியே அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "செகிகாவா தம்பி, உங்கம்மா எழுபது வயசுல ஏறுவாங்க அந்தக் கூரையில. நீங்க பொறந்ததே அதுக்குக் கீழதான். பயப்படாம ஏறுங்க."

ஒரு மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. அவன் மூச்சு இரைப்பது கீழே கேட்டது. ஃபுசாயே தூணருகே, கயிற்றின் மேல் கையை வைத்தபடி நின்றாள். முகட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது அவளுக்குத் தெரியாது. கயிறு அசைவது மட்டும் உள்ளங்கையில் தெரிந்தது. திடீரென்று தொம்மென்று ஒரு சத்தம். கயிறு விண்ணென்று இறுகித் தூணில் முறுகியது.

"அக்கா," என்று அவன் கத்தினான். அடுத்து தாமியே, "நிக்கறான்டி. விளிம்புக்கு ரெண்டு சாண் முன்னாடி நிக்கறான். கயிறு பிடிச்சுக்கிட்டிருக்கு," என்றாள்.

ஃபுசாயே கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அப்படியே படுத்துக் கிடங்க," என்று குரலை உயர்த்திச் சொன்னாள். "மூச்சு விடுங்க. காலை ஒவ்வொண்ணா ஊனுங்க. கயிறு எங்கயும் போகாது."

அவள் சொன்னபடியே அவன் கயிற்றைப் பிடித்து முகட்டுக்கு ஏறினான். அவன் எழுந்து நிற்கும் வரை அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். இவ்வளவுதான், இது போதுமாயிருந்திருக்கிறது.

இறங்கி வந்தவனை அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீரும் கடுகுக்கீரை ஊறுகாயும் வைத்தாள். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணனுக்கும் அன்னிக்கு இப்படி ஒரு கயிறு இருந்திருந்தா..." என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஆமா," என்றாள். பிறகு வளையத்துக்கான படிவத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை நகரசபையில் அதைக் கொடுத்தபோது, இந்த வீட்டு முகட்டில் இனி வளையம் தாங்காது, மரம் அவ்வளவு இற்றுப்போய்விட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவன் கார் போன பிறகு, ஃபுசாயேயும் தாமியேயும் கொட்டகையில் நின்று நனைந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததை ஃபுசாயே அப்போது சொன்னாள்.

"அன்னிக்கு என்னைக் கூப்பிட்டார். வந்து நில்லுன்னார். நான் வரமாட்டேன்னுட்டேன்."

"தெரியும்," என்றாள் தாமியே.

"எப்படித் தெரியும்?"

தாமியே கயிற்றை விடாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். "உன்னை பஸ் ஏத்திட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தார். 'அவ கோவிச்சுக்கிட்டுப் போறா, நீ கொஞ்சம் வந்து கீழ நிக்கிறியா'ன்னார். சாப்பிட்டுட்டு வர்றேன்னேன். சரின்னு போனார். சாப்பிட்டேன். கீழ கணப்பு வச்ச மேசைக்கடியில காலை நீட்டினேன், கதகதப்பா இருந்துச்சு. நீ கத்தினப்பதான் முழிச்சேன்."

கொட்டகைக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமா என் வீட்டுல உட்கார்ந்து சாப்பிடறே," என்றாள் ஃபுசாயே. "இப்பத்தான் சொல்லணும்னு தோணிச்சா?"

"தினம் சொல்லணும்னுதான் வருவேன். நீ அவனைத் திட்டிக்கிட்டிருப்பே. அவனாவே இருக்கட்டும்னு பேசாம இருந்துட்டேன்."

ஃபுசாயே அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினாள். "வீட்டுக்குப் போ," என்றாள்.

பதினோரு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாதையில் எதிர்ப்பட்டாலும் ஃபுசாயே தலையைத் திருப்பிக்கொண்டாள். இகராஷி வந்து என்ன சண்டை என்று கேட்டதற்கு, "ஊருக்கு இதுவும் தெரியணுமா?" என்று கதவைச் சாத்தினாள். பன்னிரண்டாம் நாள் காலை, மூன்று நாள் பனி அவள் கூரைமேல் நெஞ்சளவு ஏறி நின்றது. உள்ளே நடமாடும்போது கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தன. இனித் தள்ளிப்போட முடியாது.

வாரை மாட்டினாள், தலைக்கவசம் போட்டாள். ஏணியைக் கட்டினாள். முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தனியாக ஏறக் கூடாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

பாதைக்கு எதிர்ப்பக்கம் தாமியே பனி வாய்க்காலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து அதே இடத்தில் தோண்டுகிறாள். வாய்க்காலில் தண்ணீர் எப்போதோ தடையில்லாமல் ஓட ஆரம்பித்திருந்தது. தலையில் அவளுக்கும் ஒரு தலைக்கவசம் இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் அதையே தோண்டப் போறே?" என்றாள் ஃபுசாயே.

"நீ கூப்பிடற வரைக்கும்."

"நான் கூப்பிடலை. ஏணியைப் பிடி. நான் மேல போனதும் தள்ளி நில்லு."

தாமியே மண்வாரியை அப்படியே பனியில் குத்திவிட்டு வந்தாள். ஃபுசாயே ஏறிப்போய் முகட்டு வளையத்தில் கொக்கியை மாட்டினாள். மத்தியானம் வரை வெட்டித் தள்ளினாள். கீழே தாமியே ஒரு தடவைகூட உட்காரவில்லை. கை விறைத்துப்போய் அக்குளில் வைத்துக்கொண்டு அண்ணாந்தே நின்றாள். நடுவில் இரண்டு தடவை, "இடது பக்கம் விரிசல் விட்டிருக்கு, பாத்துக்க," என்றாள். ஃபுசாயே அந்த இடத்தை விட்டு நகர்ந்துகொண்டாள்.

இறங்கியதும் வாரைக் கழற்றி வாசலில் மாட்டினாள். தேநீர் குடிக்க வா என்று சொல்லவில்லை. தாமியேயும் அதற்காக நிற்கவில்லை. ஏணியை அவிழ்த்துக் கொட்டகையில் வைத்துவிட்டுப் பாதையைக் கடந்தாள்.

"நாளைக்கு உன் கூரை," என்றாள் ஃபுசாயே அவள் முதுகைப் பார்த்து. "ஏழு மணிக்கு வர்றேன்."

தாமியே திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.